மழைக்கு முந்தி

ஒரு கேவலமான விஷயத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஐம்பத்தெட்டு வயதாகி, மூக்குக்கண்ணாடி போட்டு, வீட்டில் இரண்டு அலமாரி நிறையப் புத்தகமும் வைத்திருக்கிற ஒருத்தி, ரங்கூன் நகரின் நடுவில், நான்காம் மாடியில் இருக்கிற தன் சிமெண்டு வீட்டின் வாசல் கதவுக்குப் போன மாதம் கறுப்பெண்ணெய் அடித்தாள். அந்த ஒருத்தி நான்தான்.

கறுப்பெண்ணெய் என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பர்மாக்காரர்கள் யேனாஞ்சி என்பார்கள். பூமியிலிருந்து எடுத்துச் சுத்தம் செய்யாமல், தாரைப் போலக் கறுப்பாக, கூழைப் போலக் கெட்டியாக விற்கிற எண்ணெய். மழைக்காலத்துக்கு முன்னால் பலகை வீடுகளுக்கு அதைப் பூசினால் தண்ணீர் இறங்காது, கறையான் அண்டாது. நான்காம் மாடிக்கு ஏறி வர நினைக்கிற கறையானுக்கே பாதி வழியில் மூச்சு வாங்கும் என்பதையெல்லாம் நான் யோசிக்கவில்லை. கதவு காய ஒன்பது நாள் ஆயிற்று. மாடிப்படி முழுக்க நாற்றம். மூன்றாம் மாடி அம்மாள் மேலே வந்து, ரொம்ப மரியாதையாக, இங்கே யாராவது கப்பல் ரிப்பேர் செய்கிறார்களா என்று பர்மியில் கேட்டுவிட்டுப் போனாள். என்னுடைய நல்ல லுங்கிகள் மூன்றில் இப்போது கதவின் ஓரம் அச்சாகியிருக்கிறது.

கறையானுக்காக என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில் கடைத்தெருவில் ஒரு தகர டப்பாவைக் கடந்து போனேன், அந்த வாசனை வந்தது, கையில் டப்பாவோடு வீட்டுக்கு வந்துவிட்டேன். அவ்வளவுதான்.

குளிர்காலத்துக்கு வீட்டைத் தயார் செய்வது பற்றி வெளிநாட்டுப் புத்தகங்களில் நிறையப் படித்திருக்கிறேன். விறகு அடுக்குவார்கள், ஜன்னல் இடுக்குகளை அடைப்பார்கள், பழங்களைப் பாகில் போட்டு வைப்பார்கள். படிக்கும்போதெல்லாம் இது எனக்குத் தெரிந்த வேலையாயிற்றே என்று தோன்றும். நம்முடைய குளிர்காலம் மார்கழியில் பத்து நாள். ஸ்வெட்டரை வெளியே எடுத்து நாலு பேருக்குக் காட்டிவிட்டு உள்ளே வைப்பதோடு முடிந்துபோகும். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கிடக்க வைக்கிற காலம் நமக்கு மழைதான். அதற்காக ஒரு வீட்டை முழுசாகத் தயார் செய்ததை நான் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். எனக்கு அப்போது ஒன்பது வயது.

அந்த வருஷம் அம்மாவுக்கு நெஞ்சில் ஏதோ என்றார்கள். 'ஏதோ' என்பது அந்தக் காலத்துப் பெரியவர்கள் பிள்ளைகளுக்காகவே வைத்திருந்த மருத்துவச் சொல். அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனாள். அப்பா துறைமுகத்தில் எழுத்தர். பகலில் வேலை, சாயங்காலம் ஆஸ்பத்திரி. வீட்டில் என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. சித்திரையில் தண்ணீர்த் திருவிழா முடிந்த மறு வாரம் அப்பாவின் அக்கா வீட்டுக்கு என்னை அனுப்பினார்கள். விமான நிலையம் இருக்கிற மிங்கலாடோனுக்கும் அப்பால், பெரிய ரோட்டிலிருந்து இரண்டு மைல் வண்டிப்பாதையில் போனால் அத்தையின் தோட்டம். அத்தையின் புருஷன், என் மாமா, நகரத்துக்கு வந்து என்னை அழைத்துப்போனார். பஸ் நிறுத்தத்தில் அப்பா என் தகரப் பெட்டியை மாமாவிடம் கொடுத்துவிட்டு, என் தலையில் கை வைத்துச் சொன்னார்:

"மழைக்கு முந்தி வந்து கூட்டிட்டுப் போயிருவேன்."

மாமா வானத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டார்.

அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் நான் அங்கே போனேன். மழை எப்போது வரும், அதற்குள் அப்பா வருவாரா. அந்தப் பருவம் முழுக்க எனக்கு இருந்த கவலை அது ஒன்றுதான்.

அத்தையின் வீடு ஆளுயரக் கட்டைகளின் மேல் நின்ற தேக்குப் பலகை வீடு. கூரைக்கு, பர்மாக்காரர்கள் 'தனி' என்று சொல்கிற நீர்ப்பனையின் ஓலை. ஆற்றோரத்தில் வளருமே, அது. சுற்றிலும் எலுமிச்சை, நாலைந்து பலா, இரண்டு கறவை மாடு, ஒரு ஜோடி வண்டிமாடு, ஒரு குளம். பிள்ளைகள் கிடையாது. அத்தைக்குப் பிறக்கவில்லை, பக்கத்தில் வேறு வீடும் இல்லை. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஒரு பர்மாக்காரர் தோட்டம் வைத்திருந்தார். அவரை நாங்கள் ஊஜீ என்று கூப்பிடுவோம். பெரியவர் என்று அர்த்தம். பேச்சுத் துணைக்கு எனக்கு மாடுகள் இருந்தன. தலைக்கு மேல் அவ்வப்போது ஆகாயவிமானம் தாழ்வாகப் போகும். கையசைப்பேன். ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருக்கிற யாரோ ஒருவர் பார்த்து அப்பாவிடம் போய்ச் சொல்லக்கூடும் என்பது என் எண்ணம்.

அத்தை மழையை நாத்தனாரைப் போல நடத்தினாள். வரத்தான் போகிறாள், வந்தால் மாதக்கணக்கில் போகமாட்டாள், குற்றம் கண்டுபிடிப்பாள்; அதனால் குற்றம் சொல்ல இடமில்லாமல் வைத்துக்கொள்வோம் என்பது அவள் கொள்கை. வெயில் மண்டையைப் பிளக்கிற அந்த மாதத்தில் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை வேலை நடந்தது. கூரையில் மக்கிய ஓலையைப் பிடுங்கிப் புது ஓலை வேய்ந்தார்கள். காற்று தூக்கிக்கொண்டு போகாமலிருக்கக் கூரையின் மேல் மூங்கிலைப் போட்டுக் கம்பியால் கட்டினார்கள். வீட்டைச் சுற்றி மாமா வாய்க்கால் வெட்டினார். பலாக்கிளை ஒன்று வீட்டுப் பக்கம் சாய்ந்திருந்தது, அதை வெட்டினார். அத்தை மீனைக் கருவாடாக்கினாள், எலுமிச்சையை ஊறுகாயாக்கினாள், மிளகாயைக் காயவைத்து ஜாடியில் அடைத்து, ஜாடி வாயைத் துணியால் கட்டி, துணியின் மேல் மெழுகை உருக்கி ஊற்றினாள். நீலக் கரை போட்ட பீங்கான் ஜாடிகள், என் இடுப்புயரம். அந்த மாதிரி ஜாடியை இப்போது ஓட்டல் வாசலில் செடி வைக்கிறதற்குப் பயன்படுத்துகிறார்கள்.

எனக்கு இந்த வேலையெல்லாம் பிடித்திருந்தது. ஆனால் ஒரு நாள் வீட்டுக்கடியில் மாமா விறகு அடுக்கும்போது ஒரு பேச்சு காதில் விழுந்தது.

"போன வருஷம் இந்த வரிசையோட நிறுத்தினோமே," என்றார் மாமா.

"போன வருஷம் ரெண்டு பேரு."

நான் அத்தையின் புடவையைப் பிடித்தேன். "நான் மழைக்கு முந்திப் போயிருவேன்ல அத்தை?"

"போவே, போவே. விறகு என்னா அழுகியா போயிரும். நீங்க அடுக்குங்க."

அன்றிலிருந்து நான் துப்பறிய ஆரம்பித்தேன். அரிசி மூட்டை எத்தனை, கருவாடு எத்தனை பேருக்கு, பாய் எத்தனை முடைகிறாள். எல்லாமே மூன்று பேருக்கு என்று தெரிந்தது. இதைத் தடுக்க எனக்கு ஒரு வழி தோன்றியது: நான் சாப்பிடாவிட்டால் கணக்கு மறுபடி இரண்டு பேருக்கு வந்துவிடும். இரண்டு பேருக்குத்தான் சாமான் என்றால் மூன்றாவது ஆளை அனுப்பித்தானே ஆகவேண்டும். தட்டில் பாதிச் சோற்றை மாட்டுக்குப் போட்டேன். பொருளாதாரம் படித்தவர்கள் இதைவிட மோசமான யோசனைகளையெல்லாம் சொல்லியிருக்கிறார்கள், ஆனால் அவர்களுக்கு யாரும் விளக்கெண்ணெய் கொடுப்பதில்லை.

"வயித்துல பூச்சி," என்று முடிவுகட்டிவிட்டாள் அத்தை. மூன்று நாள் வேப்பங்கொழுந்து. நான்காம் நாள் விளக்கெண்ணெய். மாமா என் கையைப் பிடித்துக்கொள்ள, அத்தை மூக்கைப் பிடித்தாள். மாடு அந்த வாரம் கொஞ்சம் பெருத்திருந்தது.

அடுத்த எதிரி ஊஜீ. தினமும் காலையில் வேலியோரத்துக்கு வந்து எங்கள் தமிழில் கொஞ்சம், அவர் பாஷையில் கொஞ்சம் சேர்த்து மழைச் செய்தி சொல்வார். ஒரு நாள் பலாமரத்தைக் காட்டினார்.

"பாத்தியா பாப்பா? எறும்பு முட்டை தூக்கிக்கிட்டு மேல போவுது. பத்து நாளு. அதுக்கு மேல மழை நிக்காது."

"பொய்."

"எறும்பு பொய் சொல்லாது. நீ சொல்லுவே, நான் சொல்லுவேன்."

அவர் போன பிறகு அத்தையின் வெல்ல டப்பாவைத் திறந்து ஒரு பெரிய உருண்டையை எடுத்துப்போய் மரத்தடியில் வைத்தேன். கீழேயே வெல்லம் கிடைத்தால் எதற்கு மேலே போகிறது? எறும்புகள் வந்தன, தின்றன, தின்றுவிட்டு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேலேயே போயின. லஞ்சம் வாங்கிக்கொண்டு வேலையை முடித்துக்கொடுக்காதவர்களை நான் முதன்முதலில் சந்தித்தது அந்த மரத்தடியில்தான்.

கறுப்பெண்ணெய் கடைசி வேலை. மாமா இரண்டு டின் கொண்டுவந்தார். மூங்கில் கழியின் முனையில் கந்தல் துணியைச் சுற்றி, எண்ணெயில் தோய்த்து, மேலிருந்து கீழாகப் பூச வேண்டும். வெயில் எவ்வளவு கொளுத்துகிறதோ அவ்வளவு நல்லது; பலகை குடிக்கும். ஒரு பூச்சு காய்ந்த பிறகு இன்னொரு பூச்சு. அந்த நாட்களில் வீட்டுக்குள் யாரும் இருக்க முடியாது. கண் எரியும், சோற்றில்கூட அந்த வாசனை அடிக்கும். அடுப்பு, பாய், ஜாடி, என் தகரப் பெட்டி எல்லாம் மாட்டுக் கொட்டகையின் பக்கத்துச் சார்ப்புக்கு இடம்பெயர்ந்தன. நாங்களும்தான்.

அத்தை ஒரு சட்டம் போட்டாள். "காயிற வரைக்கும் எவனும் சுவத்துல கை வைக்கக்கூடாது. கழுதை மாதிரி போய்ச் சாயக்கூடாது." கடைசி வாக்கியம் மாமாவுக்கு. முந்தின வருஷம் அவர் மறந்துபோய்ச் சுவரில் சாய்ந்துவிட்டார். முதுகு அகலத்துக்கு ஒரு வெள்ளைத் திட்டு விழுந்து, மழை முழுக்க அந்த இடத்தில் தண்ணீர் இறங்கியதாம். ஒரு வருஷமாக அதை அத்தை தினமும் ஒரு வேளையாவது சொல்லிக்கொண்டிருந்தாள். மாமா காதில் விழாததுபோல எழுந்திருப்பார். சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு மாட்டைப் போய்ப் பார்ப்பார். அந்த மாடுகள் அளவுக்குக் கவனிப்பு கிடைத்த மாடுகளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

வாசல் கதவை எல்லாவற்றுக்கும் பிறகுதான் பூசினார்கள். டின்னின் அடியில் மிஞ்சிய கெட்டி எண்ணெய் முழுவதையும், வீணாக்கக் கூடாதென்று, கதவுக்கே போட்டார் மாமா. கதவு ஈரக் கண்ணாடி மாதிரி மின்னியது. என் முகம் அதில் கறுப்பாகத் தெரிந்தது.

வேலை முடிந்துவிட்டது. அப்பா வரவில்லை. அன்று மத்தியானம் ஒரு கடிதம் எழுதினேன். என் முதல் கடிதம். "அப்பா, கூரை முடிந்தது. வாய்க்கால் முடிந்தது. கதவும் முடிந்தது. எறும்பு மேலே போகிறது. உடனே வா." தபால் பெட்டி மிங்கலாடோன் கடைத்தெருவில்தான் இருந்தது. அத்தை இரண்டு நாள் கழித்துக் கடைக்குப் போவதாக இருந்தாள். நாளைக்கே போகவேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். தரையில் புரண்டேன் என்று நினைவு. அத்தை ஒப்புக்கொண்டாள். மாமா பலாப்பழங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு கூட வருவதாக ஏற்பாடு.

மறுநாள் காலையில் அத்தையும் நானும் முன்னால் நடந்தோம். மாமா கொட்டகையையும் படலையும் கட்டிவிட்டுப் பின்னாலேயே வண்டியில் வந்து ஏற்றிக்கொண்டார்.

கடிதத்தைப் போட்டேன். பெட்டிக்குள் அது விழுகிற சத்தம் கேட்கிறதா என்று காதை வைத்துப் பார்த்தேன். பிறகு அத்தை எனக்குத் தேங்காய்ப்பால் ஊற்றின ஏதோ பலகாரம் வாங்கிக் கொடுத்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தேன். அப்புறம் அவள் மூங்கில் தொப்பிக் கடையில் நின்றாள். பர்மாக்காரர்கள் மழையில் வயல் வேலைக்குப் போட்டுக்கொள்கிற அகலத் தொப்பி. பெரிய தொப்பிகளை ஒதுக்கிவிட்டு ஒரு சின்னத் தொப்பியை எடுத்து என் தலையில் வைத்து, நாடாவைத் தாடைக்குக் கீழே முடிந்து பார்த்தாள்.

"இது எதுக்கு அத்தை?"

"வெயிலுக்கு," என்றாள்.

அத்தைக்குப் பொய் சொல்ல வராது. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டுதான் சொன்னாள். வீடு திரும்புகிற வழி முழுக்கத் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு வண்டியின் பின்பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். தெற்கில் மேகம் கறுத்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்தபோது நாலு மணி இருக்கும். சாமானோடு படியேறிய அத்தை பாதியில் நின்றாள்.

"யாரு வந்தது இங்க?"

கதவின் நடுவில் ஒரு கை. ஐந்து விரலும் விரிந்து, உள்ளங்கை அழுந்தி, எண்ணெயை அப்படியே தூக்கிக்கொண்டு போயிருந்தது. கறுப்புக் கதவில் தேக்கு நிறத்தில் ஒரு முழுக் கை.

மாமா மாட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார். "என்னா?"

"கதவுல எவனோ கை வச்சிருக்கான். வந்து பாருங்க."

மாமா வந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "எவனோ வந்துட்டுப் போயிருக்கான்," என்றார்.

"அதைத்தான் நானும் சொல்றேன். எவன்?"

"அப்பா," என்றேன் நான்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"அப்பாதான். என்னைக் கூட்டிட்டுப் போக வந்திருக்காரு. கதவைத் தட்டியிருக்காரு. நம்ம யாருமில்லைன்னு போயிட்டாரு."

அத்தை மாமாவைப் பார்த்தாள். மாமா மாட்டைப் பார்த்தார். பிறகு அத்தை கூடையைக் கீழே வைத்தாள். "இருக்கும்," என்றாள். "வேற யாரு வரப்போறா."

நான் ஓடினேன். வண்டிப்பாதையில், செருப்பில்லாமல், அந்தத் தொப்பி கழுத்துக்குப் பின்னால் தொங்கி முதுகில் அடிக்க, பெரிய ரோட்டை நோக்கி ஓடினேன். பாதி தூரம் போனதும் மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டேன். மாமா வண்டியைக் கட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தார். என் பக்கத்தில் நிறுத்தி இறங்கினார். தோள்துண்டால் என் காலைத் துடைத்தார்.

"பஸ்ஸு போயிருக்கும் பாப்பா," என்றார். அவர் குரல் ஒரு மாதிரி இருந்தது. மனிதர் எனக்காக வருத்தப்படுகிறார் என்று நினைத்தேன்.

மறுநாள் மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. ஊஜீயின் எறும்புகள் சொன்னதற்கு இரண்டு நாள் முன்னதாகவே. கதவில் மறுபடி பூச எண்ணெயும் இல்லை, வெயிலும் இல்லை. கை அங்கேயே நின்றுவிட்டது.

நான்கரை மாதம் மழை பெய்தது. வண்டிப்பாதை முழங்கால் ஆழச் சேறு. வயலும் பாதையும் ஒன்றாயின. ஆகாயவிமானத்தின் சத்தம் மட்டும் வரும், விமானம் தெரியாது, கையசைப்பதை நிறுத்திவிட்டேன். துணி காயாது, தீக்குச்சி பற்றாது, தகரப் பெட்டியின் மூடியில் துரு. கூரையில் விழுகிற சத்தத்தில் அத்தையும் மாமாவும் பேசிக்கொள்வதுகூட வாயசைப்பாகத்தான் தெரியும். நாள் முழுக்க யாரோடும் பேசாமலிருந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். பல நாள் அப்படி இருந்து பார்த்திருக்கிறேன்.

சாயங்காலமானால் கதவிடம் போவேன். எம்பி நின்று என் கையை அந்தக் கைக்குள் வைப்பேன். அதன் விரல்களுக்குள் என் விரல்கள் முழுசாக அடங்கிப்போகும். மோதிர விரலின் அடியில் ஒரு புள்ளி இருந்தது. அப்பா கல் மோதிரம் போட்டிருப்பார். அது ஆணித் தலை என்று இப்போது புரிகிறது, ஆனால் அதனால் ஒன்றும் மாறிவிடவில்லை. சாட்சி தப்பு, தீர்ப்பு சரி. அப்பா ஏன் சீட்டு எழுதி வைக்கவில்லை? கையில் பேனா இருந்திருக்காது. ஏன் காத்திருக்கவில்லை? ஆஸ்பத்திரிக்குத் திரும்ப வேண்டுமே. ஏன் மறுபடி வரவில்லை? மழை. அப்பாவுக்காக நான் ஆஜராகாத வழக்கே இல்லை. குற்றவாளிக் கூண்டில் நின்றது நான். கடிதம் போட வேண்டுமென்று தரையில் புரண்டு அத்தையை இழுத்துக்கொண்டு போனது நான்தானே. ஒரு நாள் பொறுத்திருந்தால் வீட்டில் இருந்திருப்பேன்.

நான் அப்படிக் கையை வைத்துக்கொண்டு நிற்கும்போது சில நாள் மாமா பின்னால் வந்து நிற்பார். தொண்டையைக் கனைப்பார். ஏதோ சொல்ல வருவதைப் போலிருக்கும். அப்புறம் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு கொட்டகைக்குப் போய்விடுவார்.

பர்மாக்காரர்களின் விளக்குத் திருவிழா சமயத்தில் மழை விட்டது. பாதை காய்ந்ததும் மாமா வண்டியை ரோட்டுக்கு ஓட்டிப்போய் அப்பாவை அழைத்து வந்தார். அப்பா இளைத்திருந்தார். படியேறி அந்தக் கதவுக்கு முன்னால் நின்றார். நான் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன். கதவின் ஓரத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, "வளந்துட்டியே," என்றார். கையைப் பற்றி ஒரு வார்த்தையில்லை. அந்தப் பக்கம் பார்க்கவுமில்லை. வந்து திரும்பிப் போன ஏமாற்றத்தைப் பிள்ளையிடம் சொல்லி வருத்த வேண்டாமென்று நினைக்கிறார் என்று புரிந்துகொண்டேன். எனக்கு அவரைப் பற்றிப் பெருமையாக இருந்தது. நானும் கேட்கவில்லை. அது எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த மரியாதை.

அம்மா பிழைத்து வந்தாள். ரொம்ப வருஷம் கழித்து ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னாள்: சொந்தக்காரர்கள் எல்லோரும் கூடி, பிள்ளையைப் போய்ப் பார்க்காதே, பார்த்தால் அழுவாள், பார்க்காமலிருந்தால் மறந்துவிடுவாள் என்று அப்பாவுக்குப் புத்தி சொன்னார்களாம். அந்தத் தலைமுறைக்குப் பிள்ளைகளைப் பற்றித் தெரிந்ததெல்லாம் கோழிக்குஞ்சு வளர்த்து வந்த அறிவு. ஆனால் அதைக் கேட்டதும் எனக்கு அப்பா மேல் இன்னும் பிரியம் கூடியது. அத்தனை பேர் சொல்லியும் மனசு கேட்காமல் ஒரு நாள் கிளம்பி வந்திருக்கிறார் பாருங்கள்.

நம்மில் அப்பாவோடு சண்டை போடாதவர்கள் யார்? நான் போடவில்லை. பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கின அன்று அவர் வரவில்லை. என் கல்யாணத்துக்குத் தாலி கட்டி முடித்த பிறகுதான் வந்தார். என் மகன் பிறந்தபோது ஒரு வாரம் கழித்து எட்டிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் வாய் வரைக்கும் வந்த வார்த்தையை அந்தக் கைதான் மூடியது. ஆறு மாதம் என்னை ஒரு காட்டில் விட்டு வைத்தீர்களே என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அவர் வந்தார், நான்தான் வீட்டில் இல்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவர் போனபோது, குளிப்பாட்டுவதற்கு முன் அவருடைய வலது கையை எடுத்து என் கையோடு சேர்த்து வைத்துப் பார்த்தேன். நான் நினைத்திருந்ததைவிடச் சின்னதாக இருந்தது. வயதானால் எல்லாம் சுருங்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மாமா அவருக்கும் முன்னாலேயே போய்விட்டார். தோட்டம் இருந்த இடத்தில் இப்போது மதில் சுவர்தான் தெரிகிறது. உள்ளே என்ன இருக்கிறதென்று கேட்கக் காவல்காரர் விடவில்லை. அத்தைக்கு எண்பத்தேழு. ஷ்வேப்யிதாவில் மாமாவின் தம்பி பிள்ளைகளோடு இருக்கிறாள். அந்த வீட்டில் சின்னவர்களுக்குத் தமிழ் புரியும், படிக்க வராது.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்ததும் போன ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு போய், இங்கே இதற்கு முந்தின வரி வரைக்கும் அத்தைக்குப் படித்துக் காட்டினேன். பூண்டு உரித்துக்கொண்டே கேட்டாள். எறும்புக்கு வெல்லம் வைத்த இடத்தில், "அதான் டப்பா காலியா இருந்துச்சா," என்றாள். விளக்கெண்ணெய் வந்த இடத்தில், "பூச்சி இருந்துச்சுடி, நான் பாத்தேன்," என்றாள். கதவு வந்ததும் உரிப்பதை நிறுத்திவிட்டாள். நான் தாளை மடித்து வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் பூண்டுத் தோலை முறத்தின் ஓரத்துக்குத் தள்ளினாள்.

"அது உங்க மாமா கைடி. காஞ்சிருச்சான்னு தொட்டுப் பாத்துட்டு, நான் வைவேன்னு வாயைத் தொறக்காம இருந்தாரு. எந்தம்பியாவது, அந்த வெயில்ல ரெண்டு மைலு நடக்கிறதாவது."